அனுப்பியாயிற்று, சேர்ந்ததா?

தமிழில் தூது என்பது தனியொரு சிற்றிலக்கிய வகை என்பதை மாணவர் அறிவர். அன்னத்தையும் கிளியையும் முகிலையும் நெஞ்சையும் தூதுவிட்ட புலவர்கள் உளர். தமிழையே தூதுவிட்ட நூலும் நமக்கு உண்டு. இந்நூல்களில் ஒரு வழக்கம் நம் கருத்தை ஈர்க்கிறது. தூது செல்லும் பொருளிடம் தலைவி 'போய்ச் சொல்' என்று கூறிவிட்டு அமைதியடைவதில்லை. தலைவன் அணிந்துள்ள மாலையைக் கேட்டு வாங்கி வருமாறு வேண்டுகிறாள். மாலை கைக்கு வந்தால் செய்தி சேர்ந்தது என்று பொருள். வராவிடில், தூது போன வழியிலேயே நின்றுவிட்டது என்றாவது அவள் அறிந்துகொள்ளலாம்.

மாலை வாங்கி வரும் வழக்கத்தை அறவே மறந்துவிட்ட ஒரு புதிய தூதனைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம். கணிப்பொறியின் பின்புலத்தில் ஓசையின்றி இயங்கி, எவர் கையும் படாமல், குறித்த வேளையில் தானே மின்னஞ்சல் விடுக்கும் நிரலே அத்தூதன். வங்கிக் கணக்கின் இருப்பையும், தொடர்வண்டிச் சீட்டின் நிலையையும், தேர்வு முடிவையும் நமக்கு அறிவிப்பவன் அவனே. அவை ஒரு நாள் பிந்தினால் உலகம் கவிழ்ந்துவிடாது. கடலுக்குச் செல்வோருக்குப் புயலையும் பேரலையையும் அறிவிக்கும் பொறுப்பும் இன்று பெரிதும் அவனிடமே விடப்பட்டிருக்கிறது. அங்கேதான் நம் கவலை தொடங்குகிறது. அக்கவலையைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று பேச விரும்புகிறோம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூர், நம் மாணவர் பலரும் டச்சுக் கல்லறைகளைக் காணச் சென்றுவந்த ஊர்தான். கல்லறைகளுக்கு அப்பால் உயிரோடு வாழும் குப்பங்களைக் கண்டவர் அவர்களுள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

பூதத்தின் வரலாறு

பின்னின்று உழைக்கும் இத்தகைய நிரலுக்கு ஆங்கிலத்தில் 'டீமன்' என்று பெயர். 1960களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியோர் இட்ட பெயர் அது. இயற்பியல் அறிஞர் மாக்ஸ்வெல் தம் வெப்பவியல் சிந்தனையில் ஒரு கற்பனைப் பூதத்தைப் படைத்தார். சிறு கதவொன்றின் அருகே அமர்ந்து, விரைந்து வரும் மூலக்கூறுகளை ஒரு புறமும் மெதுவாக வருவனவற்றை மறுபுறமும் ஓயாமல் பிரித்தனுப்புவது அப்பூதத்தின் தொழில். அதை மனத்திற்கொண்டே இப்பெயர் வைத்தனர். அலாவுதீன் கதையின் பூதம் விளக்கைத் தேய்த்தால்தான் வரும்; இது தேய்க்காமலே வரும். வேறுபாடு அவ்வளவே.

யூனிக்ஸ் இயக்க முறையில் 'கிரான்' என்றொரு பூதம் உண்டு. காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் என்பர். நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துத் தன் பட்டியலைப் பார்த்து, அந்நிமிடத்துக்குரிய பணி ஏதேனும் இருப்பின் அதை ஏவிவிட்டு மறுபடி உறங்கும். அது ஏவும் நிரல் மடலை எழுதி அஞ்சல் பூதத்திடம் ஒப்படைக்கும். அஞ்சல் பூதம் எதிர்முனைக் கணிப்பொறியின் கதவைத் தட்டும். இவ்வாறு கதவு தட்டுவதற்கும் மறுமொழி கூறுவதற்கும் உரிய விதிகள் 1982ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டன. எதிர்முனை மடலை ஏற்றுக்கொண்டால் 250 என்னும் எண்ணைத் திருப்பிச் சொல்லும். முகவரி தவறாயின் மறுப்பு எண் வரும். அப்போது 'மெய்லர் டீமன்' என்ற பெயரில் ஒரு மடல், அந்நாளைய அஞ்சல்காரர் 'முகவரியாளர் இல்லை' என்றெழுதித் திருப்பித் தந்த உறைபோல, அனுப்பியவரிடமே வந்து விழும்.

இந்த 250 என்னும் எண்ணை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். 'மடலை எம் கணிப்பொறி பெற்றுக்கொண்டது' என்பதே அதன் பொருள். மடலுக்குரியவர் அதைத் திறந்தார் என்றோ, படித்தார் என்றோ, படித்ததைப் பிறருக்குச் சொன்னார் என்றோ அந்த எண் கூறவில்லை. மடல் குப்பை அஞ்சற் பெட்டிக்குள் போய் விழுந்தாலும் அதே 250தான். ஆயினும் அலுவலகக் கோப்பில் 'அனுப்பப்பட்டது' என்னும் சொல் ஏறிவிடுகிறது. அச்சொல் ஏறியவுடன் கடமை முடிந்ததாக ஓர் எண்ணமும் பிறந்துவிடுகிறது. திருப்பி வந்து விழும் மடல்களைப் படிக்க ஆள் வைத்திருக்கும் அலுவலகங்கள் அரியனவே. போதாக்குறைக்கு, 'இம்மடலுக்கு மறுமொழி அனுப்ப வேண்டா' என்றொரு வரியும் அடியில் இருக்கும். பேசும் வாயைக் கொடுத்துக் கேட்கும் செவியைப் பறித்துக்கொண்ட இவ்வமைப்பைக் கடிதம் என்று அழைப்பதற்கே நமக்கு மனம் ஒப்பவில்லை.

2004 டிசம்பர் 26

பொறியின்மேல் நமக்குப் பகையில்லை. பொறி இல்லாமல், அல்லது இருந்தும் நமக்கென இல்லாமல், மனிதரை மட்டுமே நம்பியிருந்த ஒரு காலைப்பொழுதில் நேர்ந்ததை இக்கரை மறக்கவில்லை. அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கிற்று. தமிழகக் கரையைப் பேரலை தொட்டதற்கு இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் நிலநடுக்கம் நிகழ்ந்த கால் மணி நேரத்தில் தன் முதல் அறிவிக்கையை விடுத்தது. அது பசிபிக் பகுதிக்கு உரியது. இந்தியப் பெருங்கடலுக்கென்று அத்தகைய எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் அன்று இல்லை. தில்லியிலிருந்து அன்று காலை சென்ற தொலைநகல் ஒன்று, பதவியிலிருந்த அமைச்சருக்குப் போகாமல் முன்னாள் அமைச்சரின் இல்லத்துக்குப் போயிற்று என்று அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. ஆட்சி மாறி ஏழு மாதங்கள் ஆகியும் முகவரிப் பட்டியல் மாறவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் மாண்டனர். பழவேற்காடு அமைந்த திருவள்ளூர் மாவட்டக் கரையிலும் உயிர்கள் போயின.

அதே காலையில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூர் தப்பியது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியே ஊர் முழுதும் அறிவித்தனர். மக்கள் கரையைவிட்டு ஓடினர். அவ்வொலிபெருக்கி அங்கே வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1998இல் தொடங்கிய அத்திட்டத்தின்கீழ் வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, அதைத் தமிழில் ஒலிபெருக்கியில் நாள்தோறும் சொல்லிவந்தனர். உலகின் மறுகோடியிலிருந்த கணிப்பொறி எவருக்கென்றோ கணக்கிட்டு வைத்த எண், தமிழ் பேசும் ஒரு குரல் வழியே குப்பத்துக்கு வந்தது. தொலைபேசி வந்த காலையில் அக்குரலுக்குக் காதுகொடுத்துப் பழகியிருந்த ஊர் உடனே எழுந்தது.

பின்னர் நம் நாடு விழித்துக்கொண்டது என்பதையும் சொல்லவேண்டும். ஐதராபாத்தில் இயங்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2007 அக்டோபரில் சுனாமி முன்னெச்சரிக்கை மையத்தை அமைத்தது. நிலநடுக்கமானிகளும், கடலடி அழுத்தமானிகளும், கரையோர அலைமானிகளும் இடையறாது செய்தி அனுப்ப, முன்னரே கணித்து வைத்த ஆயிரக்கணக்கான நிலைமைகளோடு நிரல் அவற்றை ஒப்பிடுகிறது. பணியிலிருப்போர் நோக்கியபின் மின்னஞ்சலாகவும் தொலைநகலாகவும் குறுஞ்செய்தியாகவும் அறிவிக்கை பறக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது நிமிடங்களில் எச்சரிக்கை வந்தது; சென்னைக் கடற்கரையிலிருந்தும் மக்கள் விலகினர். பேரலை எழவில்லை. அன்று ஐதராபாத்தின் பணி நன்றாகவே நடந்தது. நாம் பேசுவது, ஐதராபாத்திலிருந்து புறப்பட்ட மடல் மாவட்டத்தின் மேசைக்கு வந்து சேர்ந்த பின்னர் எஞ்சியிருக்கும் தொலைவைப் பற்றி.

ஏரிக்கரையின் நடப்பு

பழவேற்காட்டுக்கு இத்தகைய அறிவிக்கைகள் புதியனவல்ல. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்துதான் நம் விண்கலங்கள் ஏறுகின்றன. ஏவும் நாளில் குறித்த கடற்பரப்புக்குள் படகுகள் செல்லலாகாது என்று முன்னறிவிப்பு வரும். குப்பத்தார் அதற்குக் கட்டுப்படுவர். சந்திரயான்-2 விண்கலம் 2019 ஜூலை 15ஆம் நாள் அதிகாலை 2.51 மணிக்கு ஏவப்படுவதாக இருந்தது. 56 நிமிடங்கள் எஞ்சியிருந்தபோது நிறுத்தப்பட்டு, ஜூலை 22 அன்றுதான் ஏவப்பட்டது. நாடு ஒருமுறை ஏமாந்து ஒருமுறை மகிழ்ந்தது. அறிவிப்புக்குக் கட்டுப்பட்ட படகோ இருமுறை கரையில் நின்றிருக்கும்.

'செல்லலாகாது' என்னும் அறிவிப்பு சென்ற வேகத்திலேயே 'இனிச் செல்லலாம்' என்னும் அறிவிப்பும் செல்லவேண்டும் என்பது இதனால் விளங்கும். தடுக்கும் மடலுக்குப் படிவம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். விலக்கும் மடலை எழுதி வைக்க எவருக்கும் தோன்றுவதில்லை. இது நம் நாட்டுக்கே உரிய குறையென்றும் எண்ணவேண்டா. 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் மாநிலத்தில் ஏவுகணை வருகிறதென்று எல்லாக் கைப்பேசிகளுக்கும் தவறான எச்சரிக்கை போய்விட்டது. தவறென்பது அலுவலர்களுக்குச் சில நிமிடங்களிலேயே தெரிந்தும், அதே வழியில் திருத்தச் செய்தி போய்ச்சேர 38 நிமிடங்கள் ஆயின. அதுவரையில் மக்கள் பட்ட பாட்டைச் சொல்லவேண்டுவதில்லை. கடலோரத்தில் அந்த 38 நிமிடங்களுக்கு வேறொரு விலையும் உண்டு. பொய்யான எச்சரிக்கை இரண்டு மூன்று வந்துவிட்டால், நான்காவதாக வரும் மெய்யான எச்சரிக்கையை எவரும் பொருட்படுத்தார்.

இன்னொரு வேடிக்கையும் இங்குண்டு. மீன் மிகுதியாகக் கூடுமிடத்தை முன்னறிவிக்கும் சேவையையும் ஐதராபாத் மையமே நடத்துகிறது. கடற்பரப்பின் வெப்பத்தையும் நீரின் பச்சையத்தையும் செயற்கைக்கோள் கண்டு சொல்ல, அதனின்று இடம் கணிக்கப்படுகிறது. கடலின் நிறத்தை நோக்குவதற்கென்றே செய்த ஓஷன்சாட் வரிசைக் கோள்கள் 1999, 2009, 2022 ஆகிய ஆண்டுகளில் ஏறியது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். ஏரியின் மறுகரையிலிருந்து ஏறிய கண் வானிலிருந்து பார்த்து, ஐதராபாத்துக்குச் சொல்லி, அங்கிருந்து மடலாகி, இக்கரைக்குத் திரும்பி வரவேண்டியிருக்கிறது. அத்தனை தொலைவும் ஒளியின் வேகத்தில் கடந்துவரும் செய்தி, கடைசி இரண்டு கிலோமீட்டரில் ஒரு பூட்டிய அறையின் கணிப்பொறிக்குள் தங்கிவிடுமாயின் அதை என்னென்பது?

முகவரிப் பட்டியல் என்பது கண்ணுக்குத் தெரியாமல் மூப்படையும் பொருள். அலுவலர் மாறுவார், கைப்பேசி எண் மாறும், சங்கத்தின் தலைவர் மாறுவார். நிரலுக்கு இவை தெரியா. சென்ற ஆண்டின் முகவரிக்கு இந்த ஆண்டும் முகம் சுளிக்காமல் அனுப்பிக்கொண்டிருக்கும். பழவேற்காட்டுக் குப்பங்களில் மூப்படையாத பட்டியல் ஒன்று உண்டு. ஏரியில் எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்பதைச் சீட்டுப்போட்டு முறைவைத்துத் தீர்மானிக்கும் 'பாடு' என்னும் ஏற்பாடு அங்கே தொன்றுதொட்டு வழங்குகிறது. அதற்காக ஊர் வைத்திருக்கும் தலைக்கட்டுக் கணக்கில் ஒருவர் பெயர் விடுபட்டால், மறுமுறை வருமுன் அவரே வந்து கேட்டுவிடுவார். பிழைப்பு அதில் இருப்பதால் அப்பட்டியல் உயிரோடிருக்கிறது. அரசின் முகவரிப் பட்டியலை யார் வந்து கேட்பார்?

இருப்பினும் பாட்டுக் கணக்கு ஏரியை நம்பி வாழும் எல்லோரையும் உள்ளடக்கியதன்று என்பதையும் மறைக்கலாகாது. முழங்கால் நீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பனையோலைப் பறியில் சேர்க்கும் இருளர் பெண்கள் அக்கணக்கில் இல்லை. படகில்லாதார்க்குப் படகுப் பதிவு எண் இல்லை; பதிவு எண் இல்லாதார் துறையின் பட்டியலில் ஏறுவதும் அரிது. நீரில் நிற்கும்போது கைப்பேசியைக் கரையில் வைத்துவிட்டுத்தான் நிற்கவேண்டும். இவர்களுக்கு எந்தப் பூதம் எந்த முகவரிக்கு மடல் அனுப்பும்?

இனி மொழியைப் பற்றிச் சொல்லவேண்டும். தமிழ்த்துறையின் மலரில் இதை எழுதத் துணிந்ததன் காரணமும் அதுவே. 'தென்மேற்குத் திசையிலிருந்து மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் தரைக்காற்று வீசக்கூடும். அலையின் உயரம் 2.5 முதல் 3 மீட்டர்' என்பது போன்ற நடையில் அறிவிக்கைகள் வருகின்றன. இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் ஆழத்தைப் பாகக் கணக்கில் அளப்பவர் மீனவர். காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்றும், நீரோட்டத்துக்குத் தெண்டி, வண்ணி என்றும் சென்னைக்கு அண்மையிலுள்ள கரைகளில் பெயர்கள் வழங்குகின்றன. இப்பெயர்களைச் சொன்னவுடன் எந்த வலை எடுக்கலாம், எது ஆகாது என்பது மீனவர்க்கு விளங்கிவிடும். அறிவிக்கையை எழுதும் நிரலுக்கோ இச்சொற்களை எவரும் கற்பிக்கவில்லை. அது ஒரே படிவத்தில் எண்களை மட்டும் மாற்றிக் கன்னியாகுமரிக்கும் பழவேற்காட்டுக்கும் அனுப்புகிறது. பழவேற்காட்டாரின் முதற்கேள்வியோ முகத்துவாரத்தைப் பற்றியது. ஏரியிலிருந்து கடலுக்குப் போகவும், கடலிலிருந்து அஞ்சி ஓடி ஏரிக்குள் புகவும் அவர்களுக்கு வழி அதுதான். மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட்டிருக்கும் நாளில் மூன்று மீட்டர் அலை என்பது ஒரு பொருள் தரும்; திறந்திருக்கும் நாளில் வேறொரு பொருள் தரும். இதையறிந்து எழுதப்பட்ட படிவம் இன்னும் வரவில்லை என்பதே நம் குறை.

மாலை வாங்கிய தூது

செய்தி போய்ச் சேர்ந்தமைக்குச் சான்று கேட்பது பழங்காலத்தார் கவலை என்று சிலர் எண்ணக்கூடும். பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாகக் கொண்டிருந்த டச்சு நிறுவனம் முதலிய கடல்வணிக நிறுவனங்கள், முக்கியமான கடிதங்களைப் படியெடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பும் வழக்கம் உடையன. ஒரு கப்பல் மூழ்கினும் மற்றொன்று சேரும். சேர்ந்த கடிதத்தின் நாளைக் குறித்து மறுமொழி எழுதுவதும் அவர்கள் முறை. அவ்வூர்ப் பள்ளிவாசல் ஒன்றில் பழைய நிழற்கடிகாரம் ஒன்றுண்டு. எவர் கையும் படாமல், தன் நிழலால் நேரத்தைக் காட்டிக்கொண்டேயிருக்கும். அவ்வகையில் அதுவும் ஒரு பின்புல நிரல்தான். ஆயினும் நிழல் கோட்டைத் தொட்டதைப் பார்த்து ஒருவர் எழுந்து குரல்கொடுத்தால்தான் ஊர் அறியும்.

இன்றைய அறிவியலாரும் இதை உணர்ந்திருக்கின்றனர் என்பதற்குச் சான்றுண்டு. கடலில் ஆபத்தில் சிக்கிய மீனவர் செயற்கைக்கோள் வழியே அபயச்செய்தி அனுப்பும் கருவியை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கி, 2010 முதல் அது வழங்கிவந்தது. பொத்தானை அழுத்தியவருக்குத் தம் குரல் யார் காதிலேனும் விழுந்ததா என்பது தெரியாது. 2024 ஜனவரியில் வெளிவந்த அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில் 'உம் செய்தி கிடைத்தது' என்னும் மறுமொழி படகுக்கே திரும்பி வருகிறது; கரையிலிருந்து வரும் எச்சரிக்கையையும் அது பெறும்; கைப்பேசியோடு இணைத்துத் தாய்மொழியில் படிக்கலாம். 2017இல் ஓகிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவரையும் கேரள மீனவரையும் நடுக்கடலில் வாரிக்கொண்டுபோன பின்னர், கைப்பேசிக் கோபுரத்துக்கு எட்டாத தொலைவில் இருப்போர்க்குச் செய்தி சேர்ப்பது எப்படி என்னும் கேள்வி நாட்டை உலுக்கிற்று. 2019இல் வந்த 'ஜெமினி' என்னும் கருவி அக்கேள்விக்கு ஒரு விடை. ஆனால் அது செய்தியைப் பெறுமேயன்றித் திருப்பிச் சொல்லாது. 2024இன் கருவி மாலை வாங்கக் கற்றுக்கொண்டது. கடலில் இருப்பவனுக்குச் செய்ததைக் கரையில் இருக்கும் ஊருக்கும் செய்தல் அரிதன்று என்பது நம் கருத்து.

'ஒவ்வொரு மடலுக்கும் ஆள் வைத்து மறுமொழி வாங்குவதானால் நிரல் எதற்கு? ஆயிரம் ஊர்கள் மறுமொழி எழுதினால் யார் படிப்பது?' என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. மறுமொழிகளைப் படிப்பதற்கும் அதே பூதத்தை ஏவலாம் என்பது நம் விடை. ஊருக்கு இருவரைப் பொறுப்பாக்குவோம். ஒருவர் கடலில் இருந்தால் மற்றவர் கரையில் இருக்கட்டும். இருவருள் ஒருவர் பெண்ணாயிருத்தல் நலம், ஏனெனில் பகலில் குப்பத்தில் இருப்போர் அவர்களே. எச்சரிக்கை கிடைத்தவுடன் அவர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். மிஸ்டு காலுக்குச் செலவில்லை, எழுத்தறிவும் வேண்டியதில்லை. எந்தெந்த ஊரிலிருந்து அழைப்பு வந்தது என்பதை நிரல் எண்ணிக்கொள்ளட்டும். பத்து நிமிடங்களில் எந்த ஊர் வாய் திறக்கவில்லையோ அந்த ஊரின் பெயரை மட்டும் பணியிலிருக்கும் அலுவலர்முன் நிறுத்தட்டும். அவர் தம் கையால் தொலைபேசியை எடுக்கட்டும். ஆயிரம் மறுமொழிகளை மனிதன் படிக்கவேண்டுவதில்லை. வராத ஐந்தை அவன் அறிந்தால் போதும்.

திங்களுக்கு ஒருமுறை, குறித்த நாளில், குறித்த நேரத்தில், 'இது சோதனை' என்று ஒரு மடல் வரவேண்டும் என்றும் கேட்கிறோம். பூதத்தின் மௌனத்துக்கு இரண்டு பொருள் உண்டு. ஆபத்து இல்லை என்பது ஒன்று; பூதம் செத்துக் கிடக்கிறது என்பது மற்றொன்று. ஆண்டு முழுவதும் ஒன்றும் வராத ஊருக்கு இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. சோதனை மடல் வராத திங்களில் ஊராரே அலுவலகத்தைக் கேட்பார்கள். நாடெங்கும் கைப்பேசிகள் ஒருசேர ஒலியெழுப்பும் சோதனைகளை 2023இல் நடத்தியபோது பலர் திடுக்கிட்டனர், சிலர் சலித்துக்கொண்டனர். ஒருமுறை திடுக்கிடுவதில் தவறில்லை. திங்கள்தோறும் கேட்டால் அது பழகிய ஒலியாகிவிடும்.

இவற்றுள் கணிப்பொறித் துறையார் செய்யவேண்டியவை சில. மீன்வளத் துறையார் செய்யவேண்டியவை சில. தமிழ்த்துறை மாணவர்க்கும் ஒரு பங்கு உண்டு. விடுமுறையில் பத்து மாணவர் பழவேற்காட்டுக்குச் சென்று கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், ஜமீலாபாத் முதலிய ஊர்களில் முதியோரிடம் அமர்ந்து, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அலைக்கும் முகத்துவாரத்தின் நிலைகளுக்கும் வழங்கும் சொற்களைத் திரட்டட்டும். எந்தச் சொல் எந்தத் திசையை, எந்த வேகத்தைக் குறிக்கிறது என்பதை எண்ணோடு பொருத்தி எழுதட்டும். பின்னர் இருபது முப்பது அறிவிக்கைப் படிவங்களைப் பேசும் தமிழில், ஒலிபெருக்கியில் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய சிறு தொடர்களாக ஆக்கட்டும். 'திரும்பி வாருங்கள்' என்பதற்கு ஒன்று, 'போகலாம்' என்பதற்கு ஒன்று, 'முன்பு சொன்னது தவறு' என்பதற்கு ஒன்று. நிரல் எண்ணைப் பார்த்து உரிய தொடரை எடுத்துக்கொள்ளும். பேராசிரியர்கள் இதனை இளங்கலை மாணவரின் களப்பணியாக ஏற்றால், அகராதியில் ஏறாத நூறு சொற்களேனும் கிடைக்கும் என்று நம்புகிறோம்.

மூத்தோரிடம் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. பழவேற்காட்டில் பள்ளிவாசல்களும், கோயில்களும், தொன்மையான மகிமை மாதா ஆலயமும் உள்ளன. உயரத்தில் கட்டிய ஒலிபெருக்கி ஊரில் எங்கேனும் உண்டென்றால் அது இவ்விடங்களில்தான். எச்சரிக்கை வரும் வேளையில் அவ்வொலிபெருக்கியை அப்பொறுப்பாளர் இருவரும் எவரிடமும் அனுமதி கேட்டுக் காத்திராமல் இயக்கலாம் என்று மூன்று தரப்புப் பெரியோரும் கூடி எழுதித் தந்தால் பேருதவியாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் ஒருசேர அற்றுப்போயின. ஆதலின் ஒலிபெருக்கிக்கு மின்கலமும், அதை மின்னேற்றி வைக்க ஓர் ஆளும் வேண்டும். மின்கலம் இரண்டு மூன்று ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். மாற்றுவதற்கான பணத்தை ஊர்ப் பொதுநிதி தருமா, துறை தருமா, நம் பழைய மாணவர் சங்கம் தருமா என்பதைக் களப்பணிக்குப் புறப்படுமுன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.